மீசை முளைத்த மண்

நான் போய்ச் சேர்ந்தபோது துரியோதனனுக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்கு எதிர்த் திடலில் மல்லாந்து படுத்திருந்தான். கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு நடந்து பார்த்தேன்; ஐம்பது அடிக்குக் குறையாது. ஏரி மண்ணைக் குழைத்து, தட்டித் தட்டி ஏற்றிய உடம்பு. முகத்தருகே குந்தியிருந்த பெரியவர் ஒருவர் மீசை நுனியைத் தண்ணீர் தொட்டு நீவிக்கொண்டே பக்கத்திலிருந்த பையனை அதட்டினார்: "கீழ எறக்காதடா. நாளைக்கு சாவறவன்னாலும் ராஜா."

செய்யாற்றுக்கும் வந்தவாசிக்கும் நடுவே, பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர் அது. அலுவலக நண்பனுடைய சொந்த ஊர். வருஷா வருஷம் வைகாசியில் பத்து நாள் காணாமல் போய்விடுவான். கேட்டால் "பாரதம்" என்பான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். பகலில் வில்லிபாரதத்தைப் பாட்டும் கதையுமாகச் சொல்லும் பிரசங்கம். ராத்திரி அதே கதை தெருக்கூத்தாக. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு என்று நாளுக்கொரு கூத்தாகப் போய், கடைசி ராத்திரி பதினெட்டாம் போர். மறுநாள் காலை துரியோதனன் விழுந்து சாகும் படுகளம், சாயங்காலம் தீமிதி. எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள் லீவு. எதைப் பார்க்கட்டும் என்று கேட்டதற்கு, யோசிக்காமல் "படுகளம்" என்றான்.

தபசைத் தவற விட்டதில் வருத்தம்தான். அர்ச்சுனன் வேஷக்காரர் பனை உயரத் தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவாராம். மரம் இன்னும் திடலில் நின்றது. அண்ணாந்து பார்த்ததிலேயே எனக்குக் கால் கூசியது.

சாப்பிட்டதும் நண்பன் என்னை வேஷம் கட்டும் கொட்டகைக்கு அழைத்துப் போனான். ஒற்றை பல்பு. ஆளுக்கொரு சின்னக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொண்டிருந்தார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகளை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக வைக்கிறார், கை நடுங்கவே இல்லை. வேஷக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கிரீடம், புஜகட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. லேசான மரம் என்றார்கள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். லேசுதான், ஆனால் அத்தனையையும் கட்டிக்கொண்டு விடிய விடியச் சுற்றி ஆட வேண்டும் என்றால் அது வேறு கணக்கு.

பத்து மணிக்கு மேல் மிருதங்கமும் ஆர்மோனியமும் சேர்ந்தன. முகவீணை என்கிற ஊதுகுழல் எழுந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தக் குட்டி வாத்தியத்துக்குத்தான் என்ன தொண்டை! கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து ஊர்த் தலைவர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரையும் வாரிவிட்டுப் போனான். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் பாட, கிரீடத்தின் நுனி மட்டும் மேலே ஆடியது. திரை விலகப் போகிறது, இதோ விலகப் போகிறது என்று வெகுநேரம் காக்க வைத்தார்கள்.

சென்னையில் ஏசி அரங்கத்தில் ஒரு மணி நேரக் கூத்து பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றவர்கள் இந்தக் கலையை நகரத்துக்குக் கொண்டு வந்திராவிட்டால் எனக்கு இதன் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் அங்கே யாரும் தூங்கவில்லை. இங்கே பாதி ஊர் வந்தவாசிக் கோரைப் பாயில் படுத்துத் தூங்குகிறது. நடுவில் விழித்து "சல்லியன் செத்துட்டானா?" என்று பக்கத்து ஆளைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுக்கிறது. கதை தெரிந்தவர்களின் சொகுசு அது. நானும் இரண்டு மணிவாக்கில் கண்ணயர்ந்துவிட்டேன். "தம்பி, எழுந்திரு, ராஜா தண்ணிக்குள்ள ஒளிஞ்சிட்டாரு" என்று யாரோ ஒரு பாட்டி தோளில் தட்டி எழுப்பினார்.

பெங்களூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குப் போனவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. வராதவனும் வரியை அனுப்பிவிட வேண்டும். ஊரே கூடியிருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் தனியாக நின்றே பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஏன் பாயில் வந்து உட்காரவில்லை என்று கேட்டேன். "அவங்களுக்கு அங்கதான் சவுரியம்" என்றான் நண்பன், என் முகத்தைப் பார்க்காமல்.

விடிந்ததும் கூத்து மேடையை விட்டு இறங்கிவிட்டது. துரியோதனனும் பீமனும் கதாயுதத்தோடு மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள், அதன் மேலேயே ஏறி மிதித்துத் தாண்டுகிறார்கள். ராத்திரி முழுக்க ஆடிய கால்கள். சிவப்பு அரிதாரம் வேர்வையில் கழுத்து வரை வழிந்துவிட்டது. கிருஷ்ணர் தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறார். அவ்வளவுதான். மண் தொடைக்குள் புதைத்து வைத்திருந்த பானையைப் பீமன் ஒரே போடில் உடைக்க, செஞ்சாந்துத் தண்ணீர் குபுக்கென்று பொங்கியது. இவ்வளவு நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தில் மூச்சு சத்தம் இல்லை. திரௌபதி வேஷக்காரர், நாலு நாள் தாடியைச் சிரைத்த ஆம்பிளை, அவிழ்ந்த கூந்தலோடு வந்து அந்தச் சிவப்பைத் தொட்டு எண்ணெய் போலத் தடவி முடிந்தார். பக்கத்தில் நண்பனின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்காக, துரியோதனனுக்கா திரௌபதிக்கா? கேட்கத் தோன்றவில்லை.

அழுது முடிவதற்குள் முறமும் துடைப்பமுமாகத் துரியோதனன் பெண்டாட்டி ஒப்பாரி வைத்தபடி புகுந்தாள். அந்த அடி வாங்கினால் பீடை போகுமாம். குழந்தைகளைத் தூக்கித் தூக்கி நீட்டுகிறார்கள். எனக்கு முதுகில் இரண்டு விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

அப்புறம் யாரும் சொல்லாமலே கூட்டம் துரியோதனன் மேல் பாய்ந்தது. ஆளுக்கொரு பிடி மண். வயலில் போட, நெற்குதிரில் போட. மீசை வைத்த பெரியவர் தள்ளி நின்று பீடி பற்ற வைத்தார். கால் மணி நேரத்தில் மார்பு போய்விட்டது. மீசையை ஒரு சின்னப் பெண் இரு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

தீமிதிக்கு இருக்க முடியவில்லை, மறுநாள் அலுவலகம். கிளம்பும்போது நண்பனின் அம்மா ஒரு பிடி மண்ணைத் தினத்தாள் காகிதத்தில் மடித்துக் கையில் வைத்தார். எங்கள் ஃப்ளாட்டில் குதிருக்கு எங்கே போவது? அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வீட்டில் இதுவரை இரண்டு முறை குப்பை என்று எடுத்துப் போடப் பார்த்தார்கள்.