காகித எலும்புக்கூடு: விலாவில்தான் வேலை அதிகம்

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழ சீசனில் வீட்டில் சேரும் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். 22 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டினால் முதுகெலும்பு தயார். கழுத்துக்கு 4, மார்புக்கு 12, இடுப்புக்கு 6 செ.மீ. என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மார்பில் செ.மீ.க்கு ஒன்றாக 12 ஜோடி விலா. ஏ4 தாளை 8 மி.மீ. பட்டைகளாக வெட்ட வேண்டும். அதற்கு முன் தாளை இரண்டு வாக்கிலும் வளைத்துப் பாருங்கள். எந்த வாக்கில் சுலபமாகச் சுருள்கிறதோ, பட்டையின் நீளம் அந்த வாக்கில் வரட்டும். மாற்றி வெட்டினால் வளையாமல் மடிந்து கோடு விழும். முதல் பட்டை 10 செ.மீ.; எட்டாவது வரை 1 செ.மீ. கூடிக்கொண்டே போய், பிறகு குறையும். பட்டையை ஸ்கேல் விளிம்பில் இழுத்துச் சுருட்டி, நடுவை முதுகில் ஒட்டுங்கள்.

முன்பக்கம் கவனம் தேவை. முதல் 7 ஜோடி நேராக மார்பெலும்பில் சேரும். 8, 9, 10 தனக்கு மேலுள்ள விலாவில் சேரும். 11, 12 எதிலும் ஒட்டாது. பன்னிரண்டையும் மார்பெலும்பில் ஒட்டுவது தவறு. கூண்டு பீப்பாய் மாதிரி ஆகிவிடும்.

ஃபெவிகால் தீக்குச்சி முனையளவு போதும். கூடினால் தாள் நனைந்து அலை அலையாகச் சுருங்கும்.

மண்டை 9, தொடை எலும்பு 17 செ.மீ. முன்கைக்கும் முழங்காலுக்குக் கீழும் இரண்டிரண்டு எலும்பு. மூட்டுகளை நூலால் கட்டுங்கள். ஆடிக் காற்றில் முதலில் கிழிவது மூட்டு ஓட்டைதான். செலோ டேப் ஒட்டிய பிறகே, விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி ஊசியால் குத்துங்கள்.