கரி மூட்டத்துக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் சிலிண்டர்

இராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் கடலோரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மீன் மாதிரிகளைச் சோதிக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவிக்குள் எரியும் சுடருக்கு ஹைட்ரஜன் வேண்டும். 6 சிவப்பு சிலிண்டர்களைப் பின்புறத் தகரக் கொட்டகையில் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்தோம்.

தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றுக்காக ஆய்வுக்கு வந்த அதிகாரி சிலிண்டரைப் பார்க்கவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "தம்பி, அது என்ன புகை?" 40 அடி தள்ளி சீமைக்கருவேல விறகு அடுக்கி மண் பூசிய கரி மூட்டம். இடையில் காய்ந்த முள்புதர். எங்களுக்கு அது பழகிப்போன வாசனை. சான்று கிடைக்கவில்லை.

வெயிலில் சூடாவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டில் கணக்குப் போட்டேன். 15 டிகிரியில் 150 பார் அழுத்தத்தில் நிரப்பியது 65 டிகிரியில் 176 பார் ஆகும். 250 பாரில் சோதித்த உருளை, தாங்கிவிடும். மறுநாள் அவரிடமே கேட்டேன். "வெயில் வேற, தீ வேற" என்றார். தீ நாக்கு படும்போது அழுத்தம் ஏறும், எஃகும் தளரும். 500, 600 டிகிரியில் பாதி வலு போய்விடும். அந்த இடத்தில் பிளந்தால் முழு வாயுவும் ஒரே வீச்சில் வெளியே வந்துவிடும். ஹைட்ரஜன் காரின் தொட்டியில் 110 டிகிரி வாக்கில் தானே திறந்து வாயுவை வெளியேற்றும் வால்வு உண்டு. தீ அந்த வால்வுக்குத் தள்ளி ஒரு மூலையில் பட்டால், அதற்கும் சூடு எட்டத் தாமதமாகும். எங்கள் சிலிண்டரில் அதுவும் இல்லை.

மூட்டக்காரரிடம் போய், "அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்" என்றேன். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே மூட்டம் இங்கதான தம்பி இருக்கு?" என்றார். நியாயம்தான். அப்புறம் நாங்களே இடம் மாறினோம். வளாகத்தின் மறுகோடியில், மூட்டத்தைப் பார்த்த பக்கம் மட்டும் செங்கல் சுவர், மற்ற பக்கம் கம்பி வலை. காற்றைவிட 14 மடங்கு லேசான வாயு என்பதால் கூரை உச்சியில் திறப்பு. ஆக்சிஜன் சிலிண்டர்களை 6 மீட்டர் தள்ளி வைத்தோம். முள்புதரை வெட்டினோம்.

இரண்டாம் ஆய்வில் ஒத்திகையும் நடந்தது. கசிவில் தீப்பிடித்தால், வால்வை மூட முடிந்தால் தவிர அணைக்கக் கூடாது. எரியாமல் சேரும் வாயு, காற்றில் 4 சதவீதம் ஆனாலே பற்றும். மற்ற சிலிண்டர்களைத் தூரத்திலிருந்து தண்ணீர் அடித்துக் குளிரவைக்க வேண்டும். பகலில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. அந்தக் காலத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போய்த்தான் கண்டுபிடிப்பார்களாம்.

சான்று வந்துவிட்டது. மூட்டக்கார அண்ணன் இப்போது தீ வைக்கும் முன் போன் செய்கிறார். அன்று எங்களில் ஒருவர் தண்ணீர்க் குழாயோடு வேலியோரம் நிற்கிறோம்.