மண்டபத்துக்குள் ஒரு காதல்: எழுத உட்காருகிறவர்களுக்கு

ஒரு பையன் கல்யாணத்துக்கு வருகிறான், அங்கே இன்னொரு பையனைப் பார்க்கிறான், பார்த்ததுமே மனசு போய்விடுகிறது. இதை வைத்து லேசான காதல் நாவல் எழுத உட்காருகிறவர்களில் பலரும் வாசகர் நம்புவாரா என்றுதான் பயப்படுகிறார்கள். கண்டதும் காதலை நம் ஆட்கள் எப்போதோ ஒப்புக்கொண்டாயிற்று. அவர்கள் கேட்பது வேறு கேள்வி: இத்தனை சொந்தக்காரர் நடுவில் இவங்க ரெண்டு பேருக்கும் தனியாகப் பேச நேரம் எங்கே கிடைத்தது? அதைச் சரிக்கட்டிவிட்டால் கதை நகர்ந்துவிடும்.

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு மண்டபம் என்று வையுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம், மத்தியானச் சாப்பாடு முடிந்து சாவியை ஒப்படைக்க வேண்டும். கையில் இருப்பது சுமார் 20 மணி நேரம். நாவல் 40,000 சொல் என்றால் மணிக்கு 2,000 சொல் வருகிறது. ஆனால் அப்படிச் சமமாகப் பிரித்தால் கதை செத்தது. வரவேற்பில் ஸ்பீக்கர் அலறும். காதோரம் வந்து கத்தினால்தான் கேட்கும். அங்கே பார்வையும் சைகையும் போதும், இரண்டு அத்தியாயத்தில் முடியுங்கள். பாதி நாவல் ராத்திரி 11 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அந்த நேரத்து மண்டபத்தை விவரமாக எழுதுங்கள். வரவேற்பு மேடையைப் பிரித்து மணமேடை போடுகிறார்கள். டைனிங் ஹாலில் டேபிள் பேப்பரைச் சுருட்டி எடுத்தாயிற்று, பின்பக்கம் சமையல்காரர்கள் காய் நறுக்குகிறார்கள். கிழவிகள் ஜமக்காளத்தில் படுத்துவிட்டார்கள். ஏசி ரூம் சாவி யாரிடம் என்று ஒருவனும், மாலை வந்ததா என்று இன்னொருவனும் தேடுகிறார்கள். இரண்டு பேரையும் ஒரே வேலையில் கோத்துவிடுங்கள். வேலை இருக்கிறவன் எங்கே நின்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தாம்பூலப் பையில் தேங்காய் போடுவது அருமையான வேலை: 500 பை, இரண்டு பேர், ஒருவன் பையை விரித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவன் போட வேண்டும். இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவே முடியாது.

யார் எந்த வீடு என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இரண்டு பேரையும் மாப்பிள்ளை வீட்டு உறவாகவே வைத்தால் பங்காளி முறை வந்து குறுக்கே நிற்கும். ஆணும் ஆணும் என்பதை ஏற்றுக்கொண்ட வாசகர்கூட அங்கே முகம் சுளிப்பார். ஒருவன் மாப்பிள்ளையின் தம்பி, இன்னொருவன் பெண்ணின் அண்ணன் என்று வையுங்கள். மாமன் மச்சான் முறை ஆயிற்று, எல்லார் முன்னாலும் சீண்டிக்கொள்ள உரிமை வந்தாயிற்று. பெரியம்மாவே சிரித்துக்கொண்டு ஏற்றிவிடுவாள். காமெடிக்குத் தனியாக ஆள் தேட வேண்டாம். ஒரே எச்சரிக்கை: முதல் சந்திப்பில் ஒருவன் வாயிலும் ‘அண்ணா’ வரக் கூடாது. ‘ஜி’ இருக்கட்டும், ‘ப்ரோ’ இருக்கட்டும்.

தொடுதலில் இன்னொரு சிக்கல். நம் ஊரில் ஆம்பளைங்க தோளில் கை போடுவதும் விரல் கோத்து நடப்பதும் சாதாரணம். அதனால் கை பட்டதும் மின்சாரம் பாய்ந்தது என்று எழுதினால் எடுபடாது. திருப்பிப் போடுங்கள்: வருகிறவன் போகிறவன் தோளில் எல்லாம் கை போடுகிறவன், இவன் பக்கத்தில் வந்ததும் மட்டும் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறான். மற்றவர்களுக்கு அது தெரியாது. வாசகருக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கம் பாருங்கள். திங்கட்கிழமை 7:30–9 ராகு காலம். அப்போது தாலி கட்டவைத்தால் கதையை மூடிவைத்துவிடுவார்கள். ஆடியும் மார்கழியும் வேண்டாம். நாயகர்களில் ஒருவன் காசிமேட்டு விசைப்படகுக்காரன் என்றால் வைகாசி முகூர்த்தம் வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஆள் கரையில் இருப்பான். கையில் காசு இருக்காது. அவன் வைக்கும் மொய்க் கவரின் கனத்தை அதற்கேற்ப எழுதுங்கள்.

சட்டத்தைக் கதைக்குள் இழுக்கத் தேவையில்லை, ஆனால் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவைத் தளர்த்தியது. வயதுவந்த இருவர் விரும்பிச் சேர்வது குற்றமில்லை. ஆகவே போலீஸ் பிடித்துப்போகும் திருப்பம் இன்றைய கதைக்கு ஒட்டாது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை; ஆகவே ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு முடிப்பதும் பொய். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. லேசான நாவலின் முடிவுக்கு அந்த இடம் போதும். இப்படி முடியுங்கள்: ஆவணியில் இன்னொரு கல்யாணம், மொய் டேபிளில் ஒரு ரூபாய் ஒட்டிய ஒரே கவர். “ரெண்டு பேர் போட்டிருக்கு, தனித்தனியா எழுதணுமா?” “ஒரே வரியில எழுதுங்க மாமா.” அவரும் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். அதற்கு மேல் ஒரு வரி சேர்த்தாலும் கெட்டுவிடும்.

தடை என்று ஒன்று வேண்டும்தான். அதை மண்டபத்துச் சாமான்களிலிருந்தே எடுங்கள்: காணாமல் போன ரூம் சாவி, தப்பாகக் கேட்ட ஒரு பேச்சு, யாரோ ஒருவனுக்கு ஏற்கெனவே பெண் பார்த்திருக்கிறார்கள் என்ற வதந்தி. அப்பா அடிப்பது, ஊரை விட்டு ஓடுவது எல்லாம் வேறு வகை நாவலுக்கு. கல்யாணப் பெண்ணை வில்லியாக்காதீர்கள். அவளுக்கு அன்றைக்கு வேலை அதிகம். குடித்துவிட்டு ஆடும் சித்தப்பா இருக்கட்டும், ஆனால் அவர் வாயில் இவர்களைக் கிண்டலடிக்கும் ஒரு வசனம் வந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.