அட்டையை விட்டு மகாலட்சுமி வந்துவிட்டாள்

பழைய மகாலட்சுமி படம் ஒன்றின் முதுகில் ஒட்டியிருந்த அட்டையில், நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்குக் கடைசித் துணுக்கும் பெயர்ந்து வந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், நடுவில் இரண்டு விடுமுறை நாட்கள். புதிதாக ஒரு கிழிசல் விழவில்லை. வாங்கும்போது இருந்த மூன்று கிழிசல்கள் அப்படியே இருக்கின்றன, அவ்வளவுதான். போன வருடம் இதே வேலையில் ஒரு நல்ல படத்தைப் பாழாக்கியவன் நான். அதனால் செய்தது எல்லாம் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

படம், ரவி வர்மா பிரஸ் மகாலட்சுமி. தாமரையில் நிற்பவள், பக்கத்தில் மாலையோடு யானை. நமக்கெல்லாம் கண்ணை மூடினாலும் தெரிகிற படம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடையின் பின்கட்டில், பித்தளைக் குத்துவிளக்குகளுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார்கள். தேக்குச் சட்டம், கீழ்ப்பாதி உடைந்துபோன கண்ணாடி, 2,800 ரூபாய். கடைக்காரர் சட்டத்துக்குத்தான் விலை சொன்னார். படத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அது அட்டையோட ஒட்டிப்போச்சுங்க, தனியா வராது" என்றார்.

கண்ணாடி உடைந்திருந்ததும் ஒரு வகையில் நல்லதுதான். லூப்பை, அதாவது சின்னப் பூதக்கண்ணாடியை, நேராகக் காகிதத்தின் மேலேயே வைத்துப் பார்க்க முடிந்தது. யானையின் காதில் வைத்தேன். தூரத்தில் ஒரே சாம்பல் நிறம். பத்து மடங்கு பெரிதாக்கினால் அங்கே சாம்பல் நிறமே இல்லை. காவி, நீலம், வெளிறிய ரோஸ் எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஒரு புள்ளி போல இன்னொரு புள்ளி இல்லை. யாரோ ஒருவர் அச்சுக் கல்லின் மேல் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் கையால் வைத்த புள்ளிகள். ஆஃப்செட் மறுபதிப்பில் இப்படி இருக்காது. நான்கே நிறம், சீரான இடைவெளி, பூ இதழ் மாதிரி வட்ட வட்டமாகத் திரும்பத் திரும்ப வரும். கல் அச்சுப் புள்ளிகளை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. இப்போதும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மூச்சு நிற்கத்தான் செய்கிறது.

வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றிய பிறகுதான், சட்டத்தின் பள்ளத்துக்குள் மறைந்திருந்த கீழ் விளிம்பில் கார்லா, லோனாவ்லா என்ற அச்சக முகவரி தெரிந்தது. அச்சகம் மும்பையில் தொடங்கியது 1894-இல். லோனாவ்லா பக்கத்து மளவ்லிக்குப் போனது 1899-இல். ஆகவே படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அச்சகத்தை ரவி வர்மாவிடமிருந்து ஜெர்மன்காரர் ஷ்லைஷர் வாங்கி நடத்திய காலத்துப் படம் என்று நினைக்கிறேன். மேலே வார்னிஷ் பூசி, துணி நெசவு மாதிரி அழுத்தம் கொடுத்த ஓலியோகிராஃப். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கித்தானில் வரைந்தது போலவே இருக்கிறது.

சரி, அட்டைக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து ஃப்ரேம் கடைகளில் படத்தின் முதுகு முழுக்க மைதா பசை தடவி மில்போர்டு என்கிற கெட்டி அட்டையில் ஒட்டிவிடுவார்கள். படம் சுருங்காமல் விறைப்பாக நிற்கும், அவர்களுக்கு அதுதான் தேவை. பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதும் உண்டு. என்னுடையதிலும் கலந்திருந்தது. அட்டையின் மேல் அடுக்குகளை உரித்தபோது உள்ளே லேசான பச்சை ஓடியது. அதைப் பார்த்ததும் இந்தப் படத்தை அட்டையோடு விட்டுவைக்கவே கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். துத்தத்தில் இருக்கிற தாமிரம் காகிதத்தின் நாரை மெல்ல மெல்ல முறித்துப் பொடியாக்கும். அட்டையின் அமிலம் வேறு. இரண்டும் சேர்ந்து நூறு வருடமாக வேலை பார்த்திருக்கின்றன. அந்தப் பூச்சிமருந்தும் முழுதாகக் காப்பாற்றவில்லை. இடது ஓரத்தில் ராமபாணப் பூச்சி பசையைத் தேடிப் போய் ஒரு விரல் நீளத்துக்குக் காகிதத்தைச் சுரண்டியிருக்கிறது.

இந்த வேலையில் இறங்குகிற எல்லாரும் செய்கிற தப்பு, படத்தை அட்டையிலிருந்து பிரிக்கப் பார்ப்பது. பிரிக்க வேண்டியது அட்டையை. படம் அசையவே கூடாது. முகம் கீழே பார்க்க, நான்-வோவன் துணி விரித்த கண்ணாடி மேல் படுக்க வைத்துவிட்டு, முதுகுப் பக்கமிருந்து அட்டையை அடுக்கடுக்காக உரிக்க வேண்டும். மில்போர்டு மேலே பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே அடுக்குகள்தான். முனையில் மொட்டைக் கத்தியைப் படுக்கை வசமாக நுழைத்தால் ஒரு அடுக்கு வாய் திறக்கும். அதைப் பிடித்து மேல்நோக்கி இழுக்கவே கூடாது. பின்னோக்கி மடித்து, இன்னும் உரிக்காத பகுதியின் மேலேயே படிந்து போகிற மாதிரி, இரண்டு விரல் அகலப் பட்டையாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் கீழிருக்கும் படமும் கூடவே தூக்கும், அந்த இடத்தில் வார்னிஷ் விரிசல் விடும். முதல் இரண்டு ஞாயிறும் இந்த உலர்ந்த உரிப்புக்கே போயின. கட்டைவிரல் நகக்கண் புண்ணாகிவிட்டது. ஆனால் இந்தக் கட்டத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வேண்டாம் என்பது பெரிய ஆறுதல்.

கடைசி அடுக்கில்தான் கஷ்டம் ஆரம்பம். பசையில் ஊறிய அடுக்கு அது, உலர்ந்த நிலையில் அசையாது. ஈரம் காட்டியே ஆக வேண்டும். இந்தப் படத்துக்கு ஈரம் ஆகாது என்பதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று வார்னிஷ். ஈரம் அதிகமானால் வெள்ளையாகப் பூத்துவிடும். இன்னொன்று குங்குமம்.

கண்ணாடியின் மேல்பாதி உடையாமல் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அதனால் அம்மன் நெற்றிக்கு வைத்த பொட்டெல்லாம் கண்ணாடி மேலேயே நின்றுவிட்டன. கீழே கண்ணாடி இல்லாததால், பாதத்துக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் நேராகக் காகிதத்திலேயே இருந்தன. இரண்டு பாதங்களிலும் ஒவ்வொரு பொட்டு, தாமரை இதழில் ஒன்று. கண்ணாடி உடைந்த பிறகும் அந்த வீட்டில் யாரோ வெள்ளிக்கிழமை தவறாமல் இந்தப் படத்துக்கு முன் நின்றிருக்கிறார்கள். காதுகுடைகிற பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒரு பொட்டின் ஓரத்தில் தொட்டுப் பார்த்தேன். பஞ்சில் உடனே ரோஸ் நிறம் ஏறியது. முதுகுப் பக்கம் தடவுகிற ஈரம் காகிதத்தைத் தாண்டி முகத்துக்கு வந்தால் பாதம் முழுக்கச் சாயம் பரவிவிடும்.

பொட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. கரையான் அரிப்பு சேதம், நீர்க்கறை சேதம். குங்குமம் சேதம் இல்லை. இந்தப் படம் எதற்காக அச்சடிக்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்ததற்கு அதுதான் சாட்சி. அதைத் துடைத்துவிட்டு எனக்கு எந்தப் படமும் வேண்டாம்.

ஆகவே தண்ணீரைக் கூழுக்குள் கட்டி வைத்துக் கொடுத்தேன். மெத்தில் செல்லுலோஸ் தூளை வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கரைத்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குக் கொண்டுவந்தேன். முதல்நாள் ராத்திரியே கரைத்து வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கட்டி நிற்கும். முதுகை உள்ளங்கை அளவுக் கட்டங்களாகப் பென்சிலால் அட்டை மேலேயே பிரித்துக்கொண்டேன். ஒரு கட்டத்தில் கூழைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, இருபது நிமிடம் காத்திருப்பு. கூழ் தண்ணீரைச் சட்டென்று விடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். அட்டையும் பசையும் குடிக்கிற அளவுக்குத்தான் ஈரம் இறங்கும். அப்புறம் பிளாஸ்டிக் சுரண்டியால் மெல்லத் தள்ளினால் ஊறிய அடுக்கு ஈர மண் மாதிரி திரண்டு வந்தது. அடியில் தவிட்டு நிறத்தில் பசை. அதையும் வழித்துவிட்டு, ஒற்றுத்தாளை வைத்து உடனே அழுத்தினேன்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது கட்டங்களின் வரிசை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை ஒரே நாளில் தொடக்கூடாது. சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்களை மட்டும் முதலில் முடிப்பது மாதிரி, ஒன்று விட்டு ஒன்று. அவை முழுக்க உலர்ந்த பிறகுதான் வெள்ளைக் கட்டங்கள். இல்லாவிட்டால் ஈரம் ஓர் இடத்தில் சேர்ந்து காகிதம் அங்கே உப்பும். அழுக்கும் ஈரத்தின் விளிம்போடு நகர்ந்து பழுப்புக் கோடாக நின்றுவிடும். அந்தக் கோடு ஒருமுறை விழுந்தால் அதைப் போக்குவது படாத பாடு. பாதம் இருந்த மூன்று கட்டங்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அவற்றுக்கு மட்டும் இருபது நிமிடம் கிடையாது, ஐந்தைந்து நிமிடமாக ஏழெட்டுத் தடவை. நேற்று முடிந்தது அதுதான். திருப்பிப் பார்க்கக் கை நடுங்கியது. மூன்று பொட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

போன வருடத்துத் தோல்வியையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். அது சிவகாசியில் அச்சான முருகன் காலண்டர், ஆர்ட் பேப்பர். அதற்கு முந்தி இரண்டு சாதாரணக் காகிதப் படங்களைத் தண்ணீர்த் தட்டில் ஊறவைத்து வெற்றிகரமாகப் பிரித்திருந்தேன். அந்தத் தைரியத்தில் இதையும் ஊறவைத்தேன். ஆர்ட் பேப்பரின் வழவழப்பு அதன் மேலிருக்கும் களிமண் பூச்சு. மை உட்கார்ந்திருப்பது அந்தப் பூச்சின் மேல்தான். தண்ணீரில் ஊறினால் பூச்சு இளகும், எதன் மேல் படுகிறதோ அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒற்றுத்தாளைத் தூக்கியபோது முருகனின் முகம் தாளோடு வந்துவிட்டது. வேல் பிடித்த கையும் மயிலின் தோகையும் மட்டும் படத்தில் மிச்சம். அந்த ஒற்றுத்தாளை இன்னும் எறியவில்லை. ஆர்ட் பேப்பர் என்றால் இனி உலர் உரிப்பு மட்டுமே. வராத அடுக்கு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

பொருட்கள் பற்றி ஒரு புலம்பல். நல்ல தடிமனான ஒற்றுத்தாள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. ஸ்டேஷனரி கடைகளில் வருவது மெல்லிசு, இரண்டாவது அழுத்தத்திலேயே நைந்துவிடுகிறது. ரசாயனக் கடைகளில் வடிகட்டுவதற்கு விற்கிற பெரிய ஃபில்டர் தாள்தான் கடைசியில் கைகொடுத்தது. அமிலமில்லாத அட்டை என்று சொல்லி ஒரு வியாபாரி அனுப்பியதை, அமிலம் இருக்கிறதா என்று காட்டுகிற பிஹெச் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன். அமிலம் என்று பட்டென்று காட்டியது. திருப்பி அனுப்பிவிட்டேன். யார் சொன்னாலும் ஒரு கோடு போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மகாலட்சுமி முடிவதற்குள்ளேயே அடுத்ததற்கு மனசு ஓடிவிட்டது. கோவில்பட்டிப் படங்கள். நாடகத் திரைச்சீலை வரைந்துவிட்டு அங்கே வந்து தங்கிய கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்து, சிவகாசி ஆஃப்செட்டில் வீட்டுக்கு வீடு போன காலண்டர்கள். இவற்றில் லூப் ஓரளவுக்குத்தான் உதவும், அசலே ஆஃப்செட் என்பதால் புள்ளி சீராகத்தான் இருக்கும். வயதைக் கண்டுபிடிக்க நான் கீழே கடைக்காரர் அடித்த விளம்பரத்தைத்தான் முதலில் படிக்கிறேன். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. "சென்னை ராஜ்யம்" என்றிருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முந்தியது. நயா பைசாவில் விலை போட்டிருந்தால் 1957-லிருந்து 1964-க்குள் அடைத்துவிடலாம். சிவகாசி முகவரியில் ராமநாதபுரம் ஜில்லா என்றிருந்தால் 1985-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். தும்பிக்கை போட்ட பழைய "லை", "னை" இருந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. எழுத்துச் சீர்திருத்தம் 1978-இல் வந்தாலும் அச்சுக்கூடங்களில் பழைய எழுத்துகள் பல வருடம் ஓடின. ஒரு வியாபாரி 1950-களின் காலண்டர் என்று என்னிடம் நீட்டியதில் ஆறு இலக்கப் பின்கோடு பளிச்சென்று இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. விளம்பரப் பட்டையை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் சட்டம் போடுகிற பழக்கத்தால் பாதிப் படங்களுக்குப் பிறந்த தேதியே இல்லாமல் போய்விட்டது. வீட்டில் பழைய காலண்டர் இருந்தால், தகரப் பட்டை துருப்பிடித்திருந்தாலும் சரி, தயவுசெய்து கீழ்ப்பகுதியை வெட்டாதீர்கள்.

மகாலட்சுமி இப்போது இரண்டு ஃபில்டர் தாளுக்கு நடுவில், கண்ணாடிப் பலகையின் கீழ், நான்கு டெலிபோன் டைரக்டரிகளின் பாரத்தில் உலர்கிறாள். தாள்களை நாளைக் காலையில் மாற்ற வேண்டும். வார்னிஷ் ஒரு பக்கமும் காகிதம் ஒரு பக்கமும் இழுப்பதால் பாரத்தைச் சீக்கிரம் எடுத்தால் சுருண்டுவிடும். இரண்டு வாரம் தொடப்போவதில்லை. அதற்குள், கிழிசல் ஒட்டுவதற்கான மெல்லிய காகிதமான ஜப்பான் டிஷ்யூ வந்து சேர வேண்டும். கிழிசல்களில் முதலில் கைவைக்கப் போவது யானைத் தும்பிக்கைக்குக் கீழே இருப்பதில்தான், அதுதான் சின்னது.