இரண்டாவது கொப்பி

1994ஆம் ஆண்டு. கூத்துப் பாட்டுகளை எழுதுகிற கொப்பியை இரண்டு தரம் எழுத வேண்டும் என்றார் எங்கள் தமிழ் மாஸ்டர். உயர்தரம் படிக்கிற பொடியளுக்கு இது என்ன வேலை என்று எரிச்சலாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1990இல் போன கரண்ட் வரவேயில்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தைத் தைத்த கொப்பி.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் ஏடு ஷெல்லடியில் வீட்டோடு போய்விட்டது. மிஞ்சினது அவருடைய தொண்டைதான். அவருக்குப் பாட்டை வசனமாகச் சொல்ல வராது, பாடித்தான் ஆக வேண்டும். "கொஞ்சம் நில்லுங்கோ ஐயா" என்றால் அடி மறந்துபோகும். பிறகு ராசா மேடைக்கு வருகிற வரவுப் பாட்டிலிருந்து திரும்பத் தொடங்குவார், கை தானாகத் தொடையில் மத்தளம் அடிக்கும். ஒரு ராசாவை ஆறு தரம் கொலுவுக்குக் கூட்டி வந்திருப்போம்.

விடிய விடிய ஆடுகிற கூத்தைப் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் சுருக்கி மேடையேற்றியதில் அண்ணாவியாருக்குக் கடைசிவரை மனத்தாங்கல். எனக்கென்னவோ, அது நடந்திராவிட்டால் எங்கள் பள்ளிக்கூட மேடைக்குக் கூத்து வந்தே இராது என்றுதான் படுகிறது.

சரி, ஏன் இரண்டு கொப்பி? மாஸ்டரிடம் ஒருநாள் கேட்டேவிட்டோம். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது 97,000 புத்தகங்களோடு ஓலைச்சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அதில் இருந்தன. "ஒண்டு உன்ரை வீட்டிலை, மற்றது அவன்ரை வீட்டிலை. ரெண்டும் ஒரே ஒழுங்கையிலை இருக்கக் கூடாது" என்றார்.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தை நோக்கி இரவிரவாக நடந்தது. மழை. சைக்கிள் கரியரில் அரிசி, அம்மாவின் தையல் மெசின் தலை, சீனிப் பையில் சுற்றின கொப்பி. நண்பனுடைய கொப்பி வீட்டிலேயே நின்றுவிட்டது. ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது அங்கே வீடே இல்லை.

அப்புறம் கொழும்பு, இப்போது ரொறன்ரோ. போன மாசிப் பனியில்தான் கொப்பியை ஸ்கான் பண்ணினேன். மழை குடித்த இரண்டு தாள் ஒட்டிப்போயிருக்கின்றன. பிரித்தால் மை மற்றப் பக்கத்தோடு வருகிறது. மந்திரி வரவின் இரண்டாம் தருவில், அதாவது பாட்டில், மூன்று அடி தெரியவில்லை. அண்ணாவியாரும் இல்லை, மாஸ்டரும் இல்லை. மந்திரிக்கு ஆடினவன் லண்டனில் இருக்கிறான். தொலைபேசியில் கேட்டேன். தாளம் முழுக்க நினைவிருக்கிறதாம், சொல் வரவில்லையாம். அன்று பிற்பாட்டு நின்றவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்த மூன்று அடியையும் எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கோ. பாடி அனுப்பினாலும் சரி.