திரை கட்டியவர்களின் முதுகு

மதுரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு, வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒரே இரவுக்காகச் சேர்ந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாரதர் ஓர் ஊரிலிருந்தும் வள்ளி இன்னோர் ஊரிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் மேடையில் சந்தித்து விடிய விடியத் தர்க்கம் செய்வார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பாலர் சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியது பற்றியும், அங்கே வளர்ந்த நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் எழுத நினைப்பது அந்த மேடைக்குத் திரை கட்டியவர்களைப் பற்றி.

படிக்கும் நாட்களில் விடுதிச் செலவுக்காக, நாடக மேடைக்குத் திரை, பலகை எல்லாம் கட்டித்தரும் சீன் செட்டிங் தொழில் வைத்திருந்த ஓர் அண்ணனிடம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாசி பிறந்துவிட்டால் ஆடி வரை அவருக்குத் தொழில். இன்று மேலூர்ப் பக்கம் என்றால் நாளை உசிலம்பட்டியைத் தாண்டி ஏதாவது ஒரு கிராமம். மத்தியானம் வேனில் ஏற்றுவோம். காட்டு சீன், தர்பார் சீன், தெரு சீன் எல்லாம் மூங்கிலில் சுருட்டிய கான்வாஸ் துணி. அதன் மேல் பெயின்ட் பூச்சு மேல் பூச்சாக ஏறியிருக்கும். சவுக்குக் கம்பு, பலகை, கயிறு, மைக் செட்டுக்காரரின் பெட்டிகள், எல்லாவற்றுக்கும் மேலே நாங்கள்.

பாரம் தூக்குவதுதான் கஷ்டம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதைவிடக் கொடுமை, கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டே செய்யும் வேலை. கம்பத்தில் ஏறி, ஒரு காலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, திரை மூங்கிலைக் கட்டி முடிப்பதற்குள் தோள்பட்டை மரத்துப்போகும். தேங்காய் நார்க் கயிறு உள்ளங்கையைச் சீவிவிடும். வெறுங்காலோடு பலகை மேல் நடப்பதால் ஆணி ஏறாத கால் எங்கள் குழுவில் இல்லை.

நாடகம் தொடங்கினாலும் படுக்க முடியாது. காட்சிக்குக் காட்சி திரை இழுக்க ஆள் வேண்டும். பக்கத்திலேயே ஸ்பீக்கர் அலறும். அந்த இரைச்சலுக்கு நடுவில் முறைவைத்துக் கண்ணயர்வோம். காலையில் காதுக்குள் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

விடிந்த பிறகுதான் உண்மையான சோதனை. நடிகர்கள் முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள், ஊரும் வீட்டுக்குப் போய்விடும். இரவெல்லாம் பனியைக் குடித்த துணி, கட்டும்போது இருந்ததைவிடக் கனமாக இருக்கும். தூக்கமில்லாத உடம்போடு அதை இறக்கிச் சுருட்டி ஏற்ற வேண்டும். எங்களில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் இந்தப் பொழுதில்தான் அடிபட்டார்கள். கண் இருட்டி ஏணியிலிருந்து விழுந்தவர் உண்டு, பெட்டிக்கும் வேன் கதவுக்கும் நடுவே விரல் நசுங்கியவர் உண்டு. மஞ்சள் பற்று போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள். வராவிட்டால் அன்றைய கூலி இல்லை.

அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இன்றும் அப்படியே சொல்ல முடியும்: "தம்பி, இடுப்பை வளைக்காத, முட்டியை மடக்கு. சாமானை நெஞ்சோட சேத்துப் பிடி. திரும்பணும்னா காலைத் திருப்பு, முதுகைத் திருப்பாத." பள்ளிக்கூடப் பக்கம் போகாத மனிதர் அவர். நான் இப்போது வேலை பார்க்கும் கிடங்கில் பாதுகாப்புப் பயிற்சி என்று வரிக்கு வரி இதையேதான் சொல்லித்தருகிறார்கள்.

அந்தப் பயிற்சியில்தான் கணக்கும் தெரிந்தது. எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கும் எடை 23 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்பது அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. சாமான் உடம்பை விட்டுத் தள்ளி இருந்தாலோ, இடுப்பைத் திருகித் தூக்கினாலோ, அந்த 23-ம் குறையும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஓர் ஆணுக்கு 55 கிலோ என்று உச்சவரம்பு சொன்னது. நாங்கள் அரை இருட்டில், வரப்பு வழியாகச் சுமந்த பெட்டிகளை யாரும் எடை போட்டதில்லை. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982-ல் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்து எங்கள் குழுவில் எவரிடமும் அதன்படி ஒரு பதிவு அட்டை இருந்ததில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். மாலை, சால்வை எல்லாம் மேடைக்கு முன்னால் நிற்பவர்களோடு முடிந்துவிடுகிறது.

போன முறை ஊருக்குப் போனபோது அண்ணனைப் பார்த்தேன். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழ இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். தொழிலை மகன் பார்க்கிறான். இப்போது கான்வாஸோடு எல்இடி திரையும் இரும்புச் சட்டமும் சேர்ந்துகொண்டன. தூக்குவது மட்டும் அதே முதுகுதான். "பையன் இடுப்பு வலிங்கிறான் தம்பி. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான், நீ கொஞ்சம் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே நம் தமிழ்ச் சங்கமும் விழாவுக்கு ஊரிலிருந்து குழுக்களை அழைக்கிறது. விழாக் குழுவிடம் என் வேண்டுகோள் இதுதான். அரங்கத்தை முதல் நாளே எடுத்துக்கொடுங்கள். இரவு விமானத்தில் வந்து இறங்கியவர்களைக் காலையில் கம்பம் நடச் சொல்லாதீர்கள். தள்ளுவண்டியும் கையுறையும் வாங்கிவையுங்கள், பெரிய செலவில்லை. நிகழ்ச்சி முடிந்த கையோடு பிரிக்கச் சொல்லாமல், சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பிரிக்கட்டும். அப்புறம், தூக்க ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுங்கள். விடுதியில் என்னோடு இருந்த நண்பர்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.