பிள்ளைகளோடு கிரிவலம்: "எதுக்குச் சுத்துறோம்?" என்று கேட்டால்

"சாமிதான் எல்லா இடத்துலயும் இருக்காரே, அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் நடக்கணும்?" திருவண்ணாமலைக்கு அழைத்துப் போகும் பிள்ளை அக்னி லிங்கம் தாண்டுவதற்குள் இதைக் கேட்டுவிடும். "சும்மா வா" என்று அதட்டுவது பதிலாகாது. "சுத்தினா நல்ல மார்க் வரும்" என்பது அதைவிட மோசம். அடுத்த பரீட்சையில் மார்க் குறைந்தால் பழி அண்ணாமலையார் தலையில்தான் விழும்.

பசுவின் உடம்பெல்லாம் ஓடுவதுதான் பாலாகிறது, ஆனாலும் கறக்க மடிக்குத்தான் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் பாலைப் பாக்கெட்டில் மட்டுமே பார்த்த பிள்ளைக்கு எட்டாது. அதற்கு மலையையே காட்டிவிடலாம். மற்ற ஊர்களில் மலைமேல் கோயில் இருக்கும். இங்கே மலையே லிங்கம். பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்பு. சாமியே மலையாக நிற்பதால் பிராகாரம் 14 கிலோமீட்டர் ஆகிவிட்டது. இது புரிந்துவிட்டால் பாதிக் கேள்வி தீர்ந்தது.

முதல்நாள் இரவே, நெருப்புத் தூணாக நின்ற சிவனின் அடிமுடி தேடிய கதையைச் சொல்லிவிடுங்கள். பிரம்மா அன்னமாகப் பறந்து முடியைத் தேடியது, திருமால் பன்றியாகப் பூமியைத் தோண்டி அடியைத் தேடியது, பிரம்மா முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூஜைக்கு ஆகாமல் போனது. தாழம்பூ கட்டத்தில் பிள்ளைகள் நிச்சயம் வாதாடும், வாதாடட்டும்.

பத்து வயதுக்குக் கீழே என்றால் பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பிள்ளைக்கு மலை தெரியாது, முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். போயே ஆக வேண்டுமென்றால் போன் நம்பரை எழுதிச் சட்டைப்பைக்குள் வையுங்கள். சாதாரண நாளில், விடிவதற்கு முன் நாலு மணிக்குக் கிளம்புவது நல்லது. பெரியவர்கள் நாலு மணி நேரத்தில் முடிப்பதற்குப் பிள்ளைகளோடு ஆறு மணி நேரம் ஆகலாம்; பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை கொதிக்கும். வெறுங்கால்தான் முறை. ஆனால் பிஞ்சுக்கால் கொப்புளித்தபின் மிச்ச தூரம் உங்கள் தோளில்தான். பருத்திக் காலுறை போட்டுவிடுவதில் ஒரு குறையும் இல்லை. வழியில் கொடுக்கும் பொங்கலையும் சுண்டலையும் வயிறு முட்டத் தின்றால் நடை நின்றுவிடும். இரண்டு வாய் போதும்.

மலை எப்போதும் வலக்கைப் பக்கம். சாலையின் இடது ஓரமாக நடப்பது வழக்கம்; மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடப்பதாக நம்பிக்கை. மெக்காவில் முஸ்லிம்கள் கஅபாவை ஏழு முறை சுற்றும்போது அது இடக்கைப் பக்கம் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். நேசிக்கிற ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றுவது நம் வழக்கம் மட்டுமல்ல என்று பிள்ளைக்கே விளங்கும்.

வழியில் வரும் எட்டு லிங்கங்களும் எட்டுத் திசைக்கு. போனில் திசைகாட்டியைத் திறந்து பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்: இந்திர லிங்கம் கிழக்கு, யமன் தெற்கு, வருணன் மேற்கு, குபேரன் வடக்கு, இடைத் திசைகளில் அக்னி, நிருதி, வாயு, ஈசான்யம். ஒவ்வோர் இடத்திலும் நின்று மலையின் விளிம்பை மட்டும் ஒரு நோட்டில் கோடாக வரையச் சொல்லுங்கள். ஓரிடத்தில் ஒற்றை முகடு, இன்னோரிடத்தில் இரண்டு, குபேர லிங்கம் தாண்டினால் ஐந்து முகம். ஒரே மலைதானா என்று பிள்ளை சந்தேகப்படும். வீட்டிலிருந்து கும்பிட்டால் கிடைக்காதது எது என்பதற்கு அந்த நோட்டைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

குபேர லிங்கத்துக்கு அருகிலேயே இடுக்குப் பிள்ளையார் கோயில். அதன் குறுகலான இடுக்கில் ஒருக்களித்துப் படுத்து நகர்ந்து வெளியே வர வேண்டும். பிள்ளைகள் நொடியில் வந்துவிடும், அப்பாக்கள்தான் தொப்பையோடு மாட்டிக்கொள்வார்கள்.

பத்து ரூபாய் நாணயங்களை முன்பே மாற்றி வைத்து, வழியில் உட்கார்ந்திருக்கும் சாதுக்களுக்குப் பிள்ளை கையாலேயே கொடுக்க விடுங்கள்.

நடந்த கையோடு தரிசன வரிசையில் நிறுத்தாதீர்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் வைத்து, தூங்கவிட்டு, சாயங்காலம் கோயிலுக்குப் போகலாம். கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவர், அதாவது அந்த அடிமுடிக் கதையின் சிவன், இருப்பார். மேலே அன்னம் எங்கே, கீழே பன்றி எங்கே என்று பிள்ளையே தேடிக் காட்டட்டும்.